சைகோன் வரை நீண்ட பள்ளிக்கூடம்

மாசிமகத் தீர்த்தவாரிக்கு மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்கள் வந்து கடலாடும் கரை என்பதால் வைத்திக்குப்பத்தின் பெயர் புதுச்சேரிக்கு வெளியிலும் தெரிந்திருக்கிறது. ஆனால் கல்வியின் வரலாற்றை ஆராய்பவருக்கு இந்த மீனவர் குடியிருப்பு வேறொரு காரணத்தால் முக்கியமாகிறது. குருசுக்குப்பத்தை அடுத்து வடக்கே அமைந்த இக்கரையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தால் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த நகரப் பகுதி விரைவிலேயே தொடங்கிவிடும். அங்கே அரசாங்கக் கல்லூரியும், கன்னியர் நடத்திய பூத்தையல் கூடமும், இன்னும் சற்றுத் தென்மேற்கே பஞ்சாலைகளும் ஒரே நூற்றாண்டுக்குள் தோன்றின. கடல், அலுவலகம், ஊசி, தறி என்னும் நான்கும் சில கிலோமீட்டர் எல்லைக்குள் அருகருகே இருந்தும், இளைஞரை வேலைக்கு ஆயத்தம் செய்யும் வழியில் ஒன்றோடொன்று ஒட்டாமலே இயங்கின. கல்வி நிறுவனமும் வேலை தருபவரும் முன்கூட்டியே கலந்துபேசிப் பாடத்தையும் பயிற்சியையும் வகுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை இன்றைய அரசாணைகள் கல்வி–தொழில் கூட்டுறவு என்று வழங்குகின்றன. அத்தகைய உறவு புதுச்சேரிக்குப் புதிதன்று என்பதும், அது யாருடன் ஏற்பட்டது, யாரைத் தீண்டாமல் போயிற்று என்பதும் கடந்த இருநூறு ஆண்டுகளைப் பார்த்தால் விளங்கும்.

முதலில் கடல். மீனவரான பட்டினவர் சமூகத்தின் தொழிலில் பள்ளி வேறு, பணியிடம் வேறு என்ற பிரிவே இல்லை. கரைவலை இழுக்கும் கயிற்றில் கைவைக்கும் வயதிலேயே பையனின் பயிற்சி தொடங்கிவிடும். வலை பின்னவும், கிழிந்த கண்ணிகளை முடியவும், கட்டுமரத்தின் மரங்களைக் கயிற்றால் பிணைக்கவும் கரையிலேயே கற்றபின், தந்தையோ தாய்மாமனோ செல்லும் மரத்தில் கூடுதல் ஆளாக ஏறி, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயர் பெற்ற காற்றுகளையும் அவற்றோடு மாறும் நீரோட்டத்தையும் அவன் உடம்பால் அறிந்துகொள்வான். வருமானம் கூலியாக வராமல் பங்காக வந்தது: மீன் விற்ற பணம் மரத்துக்கு, வலைக்கு, ஆட்களுக்கு எனப் பிரிக்கப்பட, பழகுபவன் குறைந்த பங்கிலிருந்து முழுப் பங்குக்கு உயர்ந்தான். கூடையைத் தலையில் ஏற்றி நகரச் சந்தைக்குச் சென்று விலை பேசும் திறனைப் பெண்பிள்ளைகள் தாயின் பின்னால் நடந்தே பெற்றனர். சான்றிதழ் இல்லாத இப்படிப்பில் தேர்வாளர்கள் உடன் தொழில் செய்பவர்களே. தங்கள் மரத்தில் ஒருவனை ஏற்றிக்கொள்ள அவர்கள் இசைவதே தேர்ச்சி. வைத்திக்குப்பத்துக்கு மேற்கே முத்தியால்பேட்டையில் வாழ்ந்த நெசவாளர் குடும்பங்களிலும் இதே முறைதான் இருந்தது. அவுரி நீலம் ஊறிய, கினே எனப்பட்ட துணி பிரெஞ்சு வணிகரின் கப்பல்களில் ஏறி ஆப்பிரிக்காவின் செனகல் கரைவரை சென்று அங்கே பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டபோதும், அதை நெய்தவரோ சாயமிட்டவரோ எந்தப் பள்ளியிலும் தொழில் கற்றவர்கள் அல்லர்.

அரசாங்கம் பள்ளி வைத்தது 1826இல். அவ்வாண்டு பதவியேற்ற ஆளுநர் தெபாசென் த ரிஷ்மோன், பதவியில் இருந்த இரண்டே ஆண்டுகளில் கல்லூரி, நூலகம், தாவரத் தோட்டம் எனப் பல நிறுவனங்களைத் தொடங்கிவைத்தார். 1826 அக்டோபரில் அரசக் கல்லூரியாகத் தோன்றி இன்று பிரெஞ்சு லிசேயாகத் தொடரும் கல்வி நிலையம் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கும் கலப்பினத்தவருக்கும் உரியதாகவே இருந்தது. தமிழ்ச் சிறுவர்களுக்கான இலவசப் பள்ளிகள் அடுத்து வந்தபோது அவையும் சாதிவாரியாகப் பிரிந்தே வந்தன. இப்பள்ளிகளைத் தொடங்கிய நோக்கத்தில் அறிவு பரப்பும் ஆர்வம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றாலும், நெப்போலியன் காலப் போர்களுக்குப் பின் ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற்ற சிறு நிலப்பகுதியை ஆள்வதற்குப் பிரெஞ்சு எழுதத் தெரிந்த எழுத்தர்கள் தேவைப்பட்டனர் என்பதே உடனடிக் காரணம் எனக் கொள்வதில் தவறில்லை.

ஆட்சியாளர் தமக்கு வேண்டிய ஆட்களைத் தாமே பயிற்றிக்கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் வங்கக்கடற்கரை நெடுகிலும் இருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் வானவியலாளரும் நில அளவையாளருமான மைக்கேல் டாப்பிங் 1794இல் எட்டுச் சிறுவர்களைக் கொண்டு தொடங்கிய அளவைப் பள்ளியை இதன் தெளிவான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். படைவீரரின் பிள்ளைகளை வளர்த்த ஆண்கள் ஆதரவில்லம் சிறுவர்களைக் கொடுத்தது, பள்ளி கணக்கும் வரைபடமும் கற்பித்தது, கும்பினியின் அளவைத் துறை அவர்களைக் களத்தில் பழக்கிப் பின்னர் வேலைக்கு எடுத்துக்கொண்டது; மூன்று தரப்பினரும் தத்தம் பங்கை முன்கூட்டியே அறிந்திருந்தனர். அந்தச் சிறு பள்ளியே வளர்ந்து 1859இல் பொறியியல் கல்லூரியாகி, பின்னர் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. புதுச்சேரியில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை 1838இல் தோன்றிய சட்டப் பள்ளியும், அதே நூற்றாண்டில் அரசு மருத்துவமனையை ஒட்டி அமைந்த மருத்துவப் பள்ளியும் ஆகும். சட்டப் பள்ளியில் பயின்றவர் செல்லும் இடம் நீதிமன்றமாகவும், மருத்துவப் பள்ளியில் பயின்றவர் செல்லும் இடம் காலனியின் சுகாதாரப் பணியாகவும் இருந்தன. மருத்துவப் பள்ளியின் சான்று பிரான்சின் மருத்துவப் பட்டத்துக்கு நிகராகக் கருதப்படாததால், அதைப் பெற்றவர் தம்மைப் பயிற்றிய அரசையே பணிக்கும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. கூட்டுறவு என்று பேசும்போது எளிதில் மறக்கப்படும் கூறு இது: வேலை தருபவர் ஒருவரே என்றால் பயிற்சி பெற்றவருக்குப் பேரம் பேசும் வலு இல்லை.

ஆனால் புதுச்சேரிப் பள்ளிகளின் மிகப் பெரிய பணிக்கூட்டாளி புதுச்சேரியில் இல்லை. 1859இல் சைகோனைக் கைப்பற்றி, 1862இல் உடன்படிக்கையால் தென் வியட்நாமின் மாகாணங்களைப் பெற்ற பிரெஞ்சு அரசு, கொச்சின்சீனா என்று பெயரிட்ட அந்தப் புதிய காலனியை நடத்துவதற்குப் போதிய பிரெஞ்சுக்காரர்களை அனுப்ப இயலாமல் திண்டாடியது. பிரெஞ்சு மொழி தெரிந்த, வெப்பநாட்டு வாழ்க்கைக்குப் பழகிய, அலுவலக ஒழுங்கு அறிந்த இளைஞர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கிடைத்தனர். காவல், சுங்கம், சிறை, அஞ்சல், கருவூலம், நீதிமன்ற எழுத்தகம் எனக் கீழ்நிலை, இடைநிலைப் பதவிகள் பலவற்றில் அவர்கள் அமர்ந்தனர். 1875இல் நிறுவப்பட்டுச் சைகோனிலும் புதுச்சேரியிலும் கிளை வைத்த இந்தோசீன வங்கியே இவ்விரு ஊர்களும் ஒரே பொருளாதார நூலில் கோக்கப்பட்டிருந்ததைக் காட்டும்.

இந்த வேலைவாய்ப்பைச் சட்டம் ஒன்று மேலும் விரித்தது. தம் சமயமும் சாதியும் சார்ந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியருக்கு 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை வழிவகுத்தது. அவ்வாறு துறந்தவர்கள் ரெனோன்சான் எனப்பட்டனர், பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்றனர். 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசின் மேல்நீதிமன்றம் வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையே இவ்வியக்கத்தில் முன்னின்று லப்போர்த் என்னும் பெயரைச் சூடியவர். சாதி இந்துக்களின் தலைவரான சண்முக வேலாயுத முதலியார் துறப்பைக் கடுமையாக எதிர்த்தார். கிறித்தவர்களும், அவர்களுள் குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதை வரவேற்றனர். துறந்தவர் சட்டத்தின் முன் பிரெஞ்சுக்காரர் ஆனதால் கொச்சின்சீனாவில் ஐரோப்பியருக்குரிய ஊதியத்தையும் விடுப்பையும் ஓய்வூதியத்தையும் கோர முடிந்தது. கோரிக்கைகள் எளிதில் நிறைவேறவில்லை, நீண்ட வாதங்கள் நடந்தன. எனினும் பள்ளிச் சான்றிதழ் என்பது கடல் கடந்த அரசுப் பதவிக்கான நுழைவுச் சீட்டு என்ற எண்ணம் புதுச்சேரிக் குடும்பங்களில் வேரூன்றியது இக்காலத்தில்தான். சைகோன் ஓய்வூதியத்தில் கட்டிய வீடுகளும், பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பியவரைச் சொல்தா என்று அழைக்கும் வழக்கும் அதன் தடயங்கள்.

உள்ளூர் ஆசிரியப் பணியும் இந்தப் பிணைப்பின் ஒரு கிளையே. செல்வந்தர் கல்வே சுப்பராயச் செட்டியாரின் கொடையால் 1877இல் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தோன்றிய கல்வே கல்லூரி, பிரெஞ்சையும் தமிழையும் கற்பித்து அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அளித்தது. அங்கே தமிழ் பயின்ற கனகசபை சுப்புரத்தினம் 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராக அமர்ந்து 1946இல் ஓய்வு பெறும்வரை அப்பணியிலேயே இருந்தார். பாரதிதாசன் என்ற பெயரில் அவர் எழுதியவை அரசு எதிர்பார்த்தவை அல்ல என்பது வேறு செய்தி. ஆயினும் படித்துத் தேர்வெழுதி உடனே நிலையான பணியில் சேரும் வாழ்க்கைப் பாதையைத் தந்தது அதே பிணைப்புத்தான்.

பெண்களுக்கு இந்த வழி அடைபட்டிருந்தது. 1827இல் புதுச்சேரிக்கு வந்த குளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர், பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ஊசிவேலையும் கற்பித்தனர். இன்றைய ரோமேன் ரோலன் வீதியில் 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் இயங்கும் பூத்தையல் கூடம் அந்த மரபின் தொடர்ச்சியாகும். மேசைவிரிப்பு, கைக்குட்டை, படுக்கைவிரிப்பு ஆகியவற்றில் நுண்ணிய வெண்ணூல் வேலை செய்து விற்கும் இக்கூடத்தில் கற்பிப்பவரும் வேலை தருபவரும் விற்பவரும் ஒரே நிறுவனமே. ஆதரவற்ற பெண்களுக்கு இது நிலையான வருவாய் தந்தது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் கற்றுக்கொண்ட திறனை அந்த மதிலுக்கு வெளியே விற்கச் சந்தை மிகக் குறைவு என்பதால், மருத்துவப் பள்ளியைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்.

நகரத்தின் மிகப் பெரிய தனியார் முதலாளிகளான பஞ்சாலைகளோ பள்ளியின் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. 1820களின் இறுதியில் அரசின் ஊக்கத்தோடு தோன்றிய சவானா ஆலை இந்தியாவின் மிக முந்திய இயந்திர நூற்பாலைகளுள் ஒன்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் கெப்ளே ஆலையும், 1898இல் முதலியார்பேட்டைப் பக்கம் கடலூர்ச் சாலையில் ரோடியர் ஆலை என மக்கள் அழைத்த ஆங்கிலோ–பிரெஞ்சு ஆலையும் வந்துவிட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இவ்வாலைகளுக்கு நூல் முடிபவர், தறி ஓட்டுபவர், இயந்திரம் பழுதுபார்ப்பவர் எனப் பலவகைத் திறனாளர் தேவைப்பட்டபோதும் தொழிற்பள்ளி ஒன்றை அவை நாடாததற்குக் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று: சிறுவர்களும் பெண்களும் குறைந்த கூலிக்கு உள்ளே வந்து, மேஸ்திரியின் கண்காணிப்பில் பழகி, தேறியவர் நிலைத்துத் தேறாதவர் விலகும்போது பயிற்சியின் செலவு முழுவதும் தொழிலாளர் குடும்பத்தின் மீதே விழுந்தது. கடற்கரையிலும் குழந்தை உழைத்தது உண்மையே. ஆனால் அங்கே பழகுபவன் ஒருநாள் முழுப் பங்காளி ஆவான் என்ற உறுதி இருந்தது, ஆலையில் அது இல்லை. வ. சுப்பையாவின் தலைமையில் 1930களில் தொழிலாளர் திரண்டபோது வேலை நேரமே முதல் கோரிக்கை ஆயிற்று. 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் மாண்டனர். அதன் விளைவாகப் பிரான்சில் ஆட்சியிலிருந்த மக்கள் முன்னணி அரசு 1937இல் பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் இயற்றி, எட்டு மணி நேர வேலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் ஆலைக்கும் இடையே வரம்பு கட்டும் பொறுப்பைக் கல்வித் துறை செய்யாமல் தொழிற்சங்கம் செய்தது என்பது இவ்வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

1954ஆம் ஆண்டு அரசுப் பிணைப்பை இரு முனைகளிலும் அறுத்தது. மே மாதம் தியென் பியென் ஃபூவில் தோற்று, ஜூலையில் ஜெனீவா உடன்பாட்டில் கையொப்பமிட்ட பிரான்சு இந்தோசீனாவை விட்டு விலகத் தொடங்கியது. அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்திய இணைப்புக்கு வாக்களிக்க, நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. வேலை தந்த ஊரும் வேலைக்கு ஆள் தயாரித்த ஊரும் சில மாத இடைவெளியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நழுவின. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியபின் தேர்வு செய்துகொள்ளும் உரிமையின்படி ஆயிரக்கணக்கானோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டு படைப்பணிக்கோ பிரான்சுக்கோ சென்றனர். மற்றவர்களின் பிள்ளைகள் ஆங்கிலமும் தமிழும் வழியாகச் சென்னை நோக்கித் திரும்பினர். பழைய மருத்துவப் பள்ளி 1956இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் கோரிமேட்டில் ஜவகர்லால் பட்ட மேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமாக, அதாவது மக்கள் சொல்லும் ஜிப்மராக உருமாறியது. ஒரு காலனியின் கீழ்நிலைப் பணிக்கு ஆள் பயிற்றிய பள்ளி இந்தியா முழுவதிலுமிருந்து மாணவரை ஈர்க்கும் நிறுவனம் ஆனது, வேலை தருபவர் ஒருவரே என்னும் தளை கழன்ற பிறகுதான்.

தொழிற்கல்வி முறையாகப் புகுந்ததும் இக்காலத்திலேயே. 1961இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பழகுநர் சட்டம், குறிப்பிட்ட தொழிற்கூடங்கள் தொழிற்பழகுநரை, அதாவது உதவித்தொகை பெற்றுக்கொண்டு வேலையிடத்திலேயே தொழில் கற்கும் இளைஞரை, ஒப்பந்தத்தின் பேரில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஜெர்மனியில் வாரத்தின் சில நாள்கள் பட்டறையிலும் மற்ற நாள்கள் பள்ளியிலும் பயிலும் இரட்டை முறை முதலாளிகளின் சங்கங்களாலேயே பேணப்படுகிறது. இந்தியச் சட்டம் அதே பொறுப்பை அரசு ஆய்வாளரிடம் கொடுத்தது. எல்லா இடத்திலும் அரசே முன்கை எடுத்தது என்றும் கொள்ள முடியாது: ஆலை முதலாளிகளின் அறக்கட்டளையே கோயம்புத்தூரில் 1926இல் பூ. சா. கோ. தொழிற்பயிலகத்தை நிறுவி, மாணவர் பட்டறையில் உற்பத்தி செய்துகொண்டே கற்கும் முறையைக் கொணர்ந்திருந்தது. புதுச்சேரியின் ஆலைகளில் அத்தகைய மரபு இல்லாமையால், பலதொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம் முதலியவற்றை அரசே கட்ட வேண்டியிருந்தது. கட்டிய பிறகும் வைத்திக்குப்பம் போன்ற இடங்களைச் சட்டம் எட்டவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். பழகுநர் ஒப்பந்தத்துக்கு முதலாளி ஒருவரும் பழகுநர் ஒருவரும் தேவை; பங்கு முறையில் வலைக்காரரும் கூடவே வலை இழுப்பார், பிடிப்பு இல்லாத நாளில் அவருக்கும் ஒன்றும் கிடையாது. இவ்வுறவைச் சட்டத்தின் எந்தப் படிவத்திலும் நிரப்ப இயலாது.

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவருக்கும் பட்டத்துக்குச் செல்ல இயலாதவருக்கும் உள்ளூர் வேலை தருபவரோடு சேர்ந்து பாடம் வகுக்கலாம் என்ற எண்ணம் நிறுவன வடிவம் பெற்றது 1995இல். அவ்வாண்டு புதுவைப் பல்கலைக்கழகம் லாஸ்பேட்டையில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி, இந்தியாவில் அப்பெயரோடு தோன்றியவற்றுள் முதலாவது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1901இல் உருவான ஜோலியட் இளநிலைக் கல்லூரி முதலாக வளர்ந்த, குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டு படிப்புத் தரும் உள்ளூர்க் கல்லூரி முறையே இதற்கு முன்மாதிரி. அடுத்த ஆண்டே சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்க, இயேசு சபையைச் சேர்ந்த கல்வியாளர் சேவியர் அல்போன்ஸ் அம்முறையை நாடெங்கும் கொண்டுசெல்லும் ஆராய்ச்சி மையத்தைச் சென்னையில் அமைத்தார். அவ்வியக்கம் வகுத்த ஓராண்டுப் பட்டயத் திட்டத்தில் பேச்சு, தன்னம்பிக்கை, கூடிவேலை செய்தல் போன்ற வாழ்க்கைத் திறன்கள் முதலிலும், தெரிந்தெடுத்த தொழிலின் திறன்கள் அடுத்தும், மருத்துவமனை, விடுதி, பட்டறை போன்ற ஏதேனும் ஒரு பணியிடத்தில் நேரடிப் பயிற்சி இறுதியிலும் அமைந்தன. பயிற்சி தரும் நிறுவனமே பாடம் வகுப்பதிலும் மதிப்பிடுவதிலும் பங்கேற்றது. இருநூறு ஆண்டுகளில் முதன்முறையாகச் சிறு மருத்துவமனையும் புதுச்சேரியின் தட்டாஞ்சாவடியிலுள்ள தொழிற்கூடமும் கல்வித்திட்டத்தில் அரசுக்கு இணையான இடத்தில் அமர்த்தப்பட்டன.

எனினும் ஓராண்டுப் பட்டயத்துக்கு மாணவர் காட்டிய ஆர்வத்தைவிடப் பட்டத்துக்குக் காட்டிய ஆர்வம் மிகுதியாகவே இருந்தது. லாஸ்பேட்டைக் கல்லூரியும் காலப்போக்கில் வழக்கமான இளநிலைப் பட்டப் படிப்புகளை ஏற்றுக்கொண்டது. இதற்கு மாணவரைக் குறைகூறுவது பொருந்தாது. அரசுப் பணித் தேர்வின் வாசலில் பட்டயம் செல்லாது, பட்டம் செல்லும் என்பதைப் புதுச்சேரிக் குடும்பங்கள் சைகோன் காலத்திலிருந்தே கணக்கிட்டு வந்திருக்கின்றன. 2011 டிசம்பரில் தானே புயலால் சேதமுற்ற ரோடியர் ஆலையும் மற்ற இரு ஆலைகளும் 2020இல் மூடப்பட்டதைப் பார்த்தவர்களுக்குத் தனியார் பணி நிலையானது என்று நம்பக் காரணமும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் அறிமுகப்படுத்திய தொழில்சார் இளநிலைப் பட்டம் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டது: அதில் ஓராண்டு முடித்து விலகுபவருக்குப் பட்டயமும், இரண்டாண்டு முடித்தவருக்கு உயர்பட்டயமும், மூன்றாண்டும் பயின்றவருக்குப் பட்டமும் கிடைக்கும்.